பாட்டுப் பட்டியல் நீண்டால் போதுமா? இசை ஆசிரியர் பயிற்சியில் மாற வேண்டியது எது

பியானோவை ஒட்டிப் பாட வேண்டிய ஒரு குழந்தை, ஒவ்வொரு முறையும் மூன்றாவது சுரத்தில் மட்டும் சற்றுக் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கர்நாடக இசைக் கணக்கில் அது மேலே நிற்கும் அந்தர காந்தாரமும் இல்லை, கீழே நிற்கும் சாதாரண காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில். இளம் ஆசிரியர் பொறுமையாக அந்தக் கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டுகிறார். 'கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம்' என்கிறார். குழந்தை ஒருவழியாகப் பியானோவுக்கு ஏறி வருகிறது. சுருதி சேர்ந்துவிட்டது என்று பாராட்டும் கிடைக்கிறது.

அந்தக் குழந்தையின் வீட்டில் அரபு இசை ஒலிக்கிறது என்றால் கதையே வேறு. நம் ராகங்களைப் போன்ற அரபு மகாம்களில் அடிப்படையானது என்று கருதப்படும் ராஸ்தில் மூன்றாவது சுரம் இருக்க வேண்டிய இடமே அந்த நடுப்பகுதிதான். ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் அது ஒரு நூல் ஏறும், இறங்கும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை உள்ள பியானோவில் அதற்கு இடமில்லை. 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில், இந்தச் சுரங்களை எப்படி அளப்பது, ஸ்தாயியை 24 சமபங்காகப் பிரித்துவிடலாமா, பியானோவை அரபு இசைக்குள் விடலாமா என்றெல்லாம் பெரிய பெரிய வித்வான்கள் வாதிட்டார்கள். அத்தனை பெரிய வழக்கு, வகுப்பறையில் ஒரே நிமிடத்தில் 'தவறு' என்று முடிந்துபோகிறது. ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய காதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

பண்பாடுகளை உள்ளடக்கிய இசைக்கல்வி என்று பேச்செடுத்தால், பெரும்பாலும் பாட்டுப் பட்டியலைப் பற்றித்தான் பேசுகிறோம். எந்தெந்த நாட்டுப் பாடல்கள் புத்தகத்தில் இருக்கின்றன, எத்தனை மொழிகள், யார் விடுபட்டுப்போனார்கள். பட்டியல் முக்கியம்தான். ஆனால் அதை மாற்றுவது சுலபமான வேலை. ஒரு புதுப் பதிப்பு அச்சிட்டால் முடிந்தது. பாடலைக் கையில் எடுக்கும் ஆசிரியரின் காது, அவர் பாடம் நடத்தும் விதம், எது இசை, எது பிழை என்று அவர் யோசிக்காமலே எடுக்கும் முடிவுகள் ஆகியவை பயிற்சிக் கல்லூரியில் உருவாகின்றன. மாற்ற வேண்டியது அங்கே என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, குழந்தைகள் எளிதாகப் பாடிப் பழக 'டோ ரே மி'யை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். 1840களிலிருந்து ஜான் கர்வென் அதைத் திருத்தி, பரப்பினார். டானிக் சோல்ஃபா என்று பெயர். அற்புதமான முறை, செலவும் குறைவு. பாதிரிமார்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் போனார்கள். அதோடு கூடவே நான்கு குரல் சேர்ந்திசையும் போயிற்று, எழுதிவைத்துப் படிப்பதுதான் முறையான இசை என்ற எண்ணமும் போயிற்று. பள்ளிகளும் ஆசிரியர் பயிற்சி நிலையங்களும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன. காலனி ஆட்சி போன பிறகும் பல நாடுகளில் அச்சு மாறவில்லை.

இன்றும் பல நாடுகளில் இசை ஆசிரியர் படிப்பில் சேர வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வில் ஒரு மேற்கத்திய சாஸ்திரிய உருப்படியை வாசித்துக் காட்ட வேண்டும். ஐந்து கோட்டுக் குறிமானத்தைப் பார்த்தவுடன் பாட வேண்டும். தேவாலயத்தில் கேட்டுக் கேட்டே காஸ்பல் என்ற பக்தி இசையை வாசிக்கப் பழகிய பையன், மடிக்கணினியில் பீட் கட்டும் பெண், பாட்டியிடம் நூறு பாட்டு கற்றவர் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே போகிறவர் வேறு வகை ஆள். நான்கு ஆண்டு கழித்து வகுப்பறைக்கு வருகிறவரும் அவர்தான். அப்புறம், இசை ஆசிரியர்கள் ஏன் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட ஏதுமில்லை. அமெரிக்காவின் காலேஜ் மியூசிக் சொசைட்டி அமைத்த பணிக்குழு ஒன்று 2014இல், எழுதியதை வாசித்துக் காட்டுவதை மையமாகக் கொண்ட பட்டப்படிப்பையே அடியோடு திருப்பி, தானாக இட்டுக்கட்டுதல், இயற்றுதல், பல பண்பாட்டு இசைகளோடு பழகுதல் ஆகியவற்றை நடுவில் வைக்க வேண்டும் என்று சொன்னது. அறிக்கை பரபரப்பாகப் பேசப்பட்டது. நுழைவுத் தேர்வுகளோ பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன.

அறிக்கைகளுக்கு இந்தத் துறையில் என்றுமே பஞ்சமில்லை. 1953இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பிரசல்ஸில் கூடிய மாநாட்டிலிருந்து பன்னாட்டு இசைக்கல்விச் சங்கம் பிறந்தது. 1967இல் அமெரிக்காவில் டாங்கிள்வுட் என்ற இடத்தில் கூடியவர்கள், எல்லாக் காலத்து, எல்லாப் பாணி, எல்லாப் பண்பாட்டு இசைக்கும் பாடத்திட்டத்தில் இடம் உண்டு என்று பிரகடனமே செய்தார்கள். இளைஞர்கள் கேட்கும் ஜனரஞ்சக இசையையும் சேர்த்தே சொன்னார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பிரகடனம் வேகமாகப் பரவியது, வகுப்பறை மெதுவாக நகர்ந்தது. தான் எப்படிக் கற்றாரோ அப்படித்தான் ஒருவர் கற்பிப்பார். அழுத்தம் வரும்போது இன்னும் அப்படித்தான்.

இதற்குக் கல்லூரிகள் கண்டுபிடித்த வழக்கமான பரிகாரம், 'உலக இசை' என்று ஒரு விருப்பப் பாடம். முதல் வாரம் ஆப்பிரிக்கா, இரண்டாம் வாரம் இந்தோனேசியா, மூன்றாம் வாரம் இந்தியா, நான்காம் வாரம் லத்தீன் அமெரிக்கா. ஐம்பத்துச் சொச்சம் நாடுகள் உள்ள ஒரு கண்டத்துக்கு ஒரு வாரம்! பயிற்சி மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொண்டு போவது சில பெயர்கள், சில வீடியோக்கள், 'எல்லா இசையும் அழகு' என்ற நல்ல எண்ணம். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை வகுப்பில் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது.

மாற்று யோசனை பழையதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேண்டில் ஹூட் என்ற அறிஞர், ஜாவாவின் கமலான் வாத்தியக் குழுவை வைத்துத் தன் மாணவர்களை வாசிக்கப் பழக்கினார். 1960இல் எழுதிய கட்டுரையில் அதற்கு 'இரட்டை இசைத்திறன்' என்று பெயர் கொடுத்தார். இரண்டு மொழி பேசுகிறவர் போல இரண்டு இசையில் புழங்குவது. ஒரு வேற்று இசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கையாலும் தொண்டையாலும் கற்றுக்கொள் என்பதுதான் விஷயம். அவர் மனத்தில் இருந்தது ஆராய்ச்சியாளர்கள். ஆனால் ஆசிரியராகப் போகிறவருக்கு இது இன்னும் அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் அந்த வகுப்பில் மறுபடி ஒரு கத்துக்குட்டி ஆகிறார்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கானா, டோகோ நாடுகளில் வாழும் எவே மக்களின் தாளக் குழுவில் ஓர் இரும்பு மணி எல்லோரையும் கட்டி நடத்தும். 12 நுண்துடிப்புகள் கொண்ட ஒரு சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள். மணியின் அடி 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் விழுகிறது. மொத்தம் ஏழு அடி. தாளில் எழுதிக் கொடுத்தால் கோட்டுக் குறிமானம் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் பென்சிலால் மேசையில் தட்டிவிடுவார். சரி, தெரிந்துவிட்டது என்று நினைப்பார். இப்போது எழுந்து நின்று ஆடச் சொல்லுங்கள். பாதம் 1, 4, 7, 10இல் விழ வேண்டும். பாதமும் மணியும் சந்திப்பது 1இலும் 10இலும் மட்டும். 4இலும் 7இலும் கால் தரையில் விழும்போது மணியில் ஒலியே இல்லை. மணியைக் கவனித்தால் கால் நழுவும். காலைக் கவனித்தால் மணி நின்றுபோகும். பட்டம் பெறப்போகிற, மேடையில் சொனாட்டா வாசிக்கிற மாணவர் அங்கே தடுமாறுவார். அந்த ஊர்க் குழந்தைகள் இதை எண்ணிக் கற்பதில்லை. ஆட்டத்துக்கு நடுவில் வளர்கிறார்கள். உடம்பில் கால் முதலில் ஏறுகிறது, மணி அதன் மேல் வந்து உட்காருகிறது. தாளில் எழுதியபோது மணி கிடைத்தது, ஆனால் மணி எதன் மேல் நிற்கிறதோ அது விட்டுப்போயிற்று.

கற்கும் முறையும் இசையின் ஒரு பகுதி என்பது இப்படித்தான் பயிற்சி மாணவருக்குப் பிடிபடும். விரிவுரையில் பிடிபடாது. கமலானிலும் இதே கதைதான். ஸ்லெந்த்ரோ என்ற ஐந்து சுர வரிசை, பெலோக் என்ற ஏழு சுர வரிசை என்று இரண்டு உண்டு. ஆனால் ஒரு தொகுப்பின் சுருதி இன்னொரு தொகுப்பில் அப்படியே இருக்காது. ஒரு குழுவின் வாத்தியத்தை எடுத்து அடுத்த குழுவில் வைக்க முடியாது. 'சரியான சுருதி' என்று வெளியிலிருந்து ஓர் அளவுகோல் கொண்டுவந்து வைக்க வழியில்லை. அந்தத் தொகுப்புக்குள் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும், அவ்வளவே. வாத்தியத்தின் மேல் காலை வைத்துத் தாண்டக் கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்ற ஒழுங்குகளும் பாடத்தோடு சேர்ந்தே வருகின்றன. இதையெல்லாம் பழகிய ஒருவர், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும் சுரத்தைக் கேட்டவுடன் கட்டையை அழுத்தப் போவதற்கு முன் ஒரு கணம் நிற்பார். ராஸ்த் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆனாலும் நிற்பார்.

ஆகவே, பத்து இசைகளை எட்டிப் பார்ப்பதைவிட ஒன்றில் ஓராண்டு முழுக்க உட்காருவது நல்லது என்பேன். இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: கமலான் கற்றவர் வேலைக்குப் போகும் பள்ளியில் ஜாவாக்காரர் ஒருவர்கூட இல்லாமல் போகலாமே? போகலாம். ஆனால் பத்து இசைகளைத் தொட்டவருக்கும் பதினோராவது இசை பேசும் குழந்தை வந்து நிற்கத்தான் போகிறது. புதிய இசை ஒன்றை எப்படி அணுகுவது, யாரிடம் கேட்பது, எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்பதை ஒருமுறை ஆழமாகச் செய்தவர் மறுபடியும் செய்வார்.

கேட்பதைப் பற்றிச் சொன்னேன். இதில் நடைமுறைக்கு உதவும் வேலை செய்தவர் அமெரிக்க இசைக்கல்வி அறிஞர் பட்ரீசியா ஷெஹன் கேம்ப்பெல். ஒரு பதிவை வகுப்பில் ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு 'எப்படி இருந்தது?' என்று கேட்கும் பழக்கத்தை அவருடைய முறை உடைக்கிறது. அரை நிமிடத் துண்டு போதும். முதலில் ஒரே ஒரு கேள்வியோடு கேட்க வேண்டும்: எத்தனை குரல்? மறுபடி: யார் முதலில் பாடுகிறார், யார் பதில் சொல்கிறார்? அடுத்த சுற்றில் பதிவோடு சேர்ந்து முணுமுணுக்கலாம், தட்டலாம். அதற்கும் பிறகு பதிவு இல்லாமல் தாங்களே பாட முயன்று, மீண்டும் பதிவிடம் போய்ச் சரிபார்க்கலாம். அந்த வடிவிலிருந்து சொந்தமாக ஒன்றைச் செய்து பார்ப்பதும், அந்த இசையின் வாழ்க்கைச் சூழலைத் தெரிந்துகொள்வதும் அதன் பிறகு. ஒரே துண்டை இருபது தடவைகூடக் கேட்க நேரும். பயிற்சி மாணவர்களுக்கு இது முதலில் சலிப்பாக இருக்கும். குறிமானம் பார்த்தால் உடனே கிடைக்குமே என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கப் பழகுவதே பயிற்சியில் பாதி.

ஜனரஞ்சக இசையை எடுத்துக்கொண்டால் இங்கிலாந்தின் இசைக்கல்வி ஆய்வாளர் லூசி கிரீனின் ஆய்வு முக்கியமானது. ராக், பாப் கலைஞர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று அவர் 2001இல் வெளியிட்ட நூல் காட்டியது: பிடித்த பாட்டை நண்பர்களோடு சேர்ந்து காதால் கேட்டுப் பிரதி எடுக்கிறார்கள், ஒழுங்கான வரிசையில் இல்லாமல் அலங்கோலமாகவே முன்னேறுகிறார்கள். 2003இல் இங்கிலாந்தில் தொடங்கிய மியூசிக்கல் ஃபியூச்சர்ஸ் திட்டம் இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. பாட்டைப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள், ஆசிரியர் முதலில் ஒதுங்கி நிற்பார். ஒதுங்கி நிற்கத்தான் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. இரைச்சலான அறையில் பத்து நிமிடம் எதையும் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பது, புதிய ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட உடல் வலி.

அடுத்தது, பலரும் தொடத் தயங்கும் பகுதி: எந்த இசையை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம், எதைக் கூடாது. நல்லெண்ணம் அதிகம் இருக்கும் இடத்தில்தான் இங்கே சறுக்கலும் அதிகம். குர்ஆன் ஓதுதல் காதுக்கு மிக நுட்பமான இசையாகப் படலாம். ஓதுபவர்கள் அதை இசை என்ற வகையில் சேர்ப்பதில்லை. 'மத்திய கிழக்கு இசை' என்ற தலைப்பில் அதைப் போட்டுக் காட்டினால், வகுப்பிலுள்ள முஸ்லிம் குழந்தையைக் கௌரவிக்க நினைத்துச் சங்கடப்படுத்தியது போலாகும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே சில பாடல்கள் குறிப்பிட்ட குலத்துக்கோ சடங்குக்கோ மட்டும் உரியவை. இணையத்தில் கிடைக்கிறது என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் பாடும் யோய்க் ஒரு மனிதரைப் பற்றிய பாட்டு என்பதைவிட அந்த மனிதரையே குரலில் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்வார்கள். மதபோதகர்கள் பழித்த, சில பள்ளிகள் தடுத்துவைத்திருந்த கலை அது. அதே பள்ளி இன்று அதைப் பாடத்தில் சேர்க்கும்போது, அந்தத் தடையின் வரலாற்றையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

நியூசிலாந்தில் இது சட்டம் வரை போயிற்று. உலகெங்கும் ரக்பி மைதானங்களால் தெரியவந்த 'கா மாத்தே' என்ற ஹக்காவுக்காக (மாவோரி மக்களின் ஆட்டப்பாட்டு) 2014இல் ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள். வணிக வெளியீட்டிலோ பொது ஒளிபரப்பிலோ அதைப் பயன்படுத்தினால், அதை இயற்றியவர் தெ ரவுபராஹா, அவர் நாத்தி தோஆ இனக்குழுவின் தலைவர் என்று குறிப்பிட வேண்டும். வகுப்பறைப் பயன்பாட்டை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. இருந்தாலும் பயிற்சி மாணவர்களோடு உட்கார்ந்து பேச இது நல்ல வழக்கு: சட்டம் கேட்காத இடத்தில் ஆசிரியர் பெயரைச் சொல்வாரா, மாட்டாரா? பல நாட்டுப் பள்ளிச் சேர்ந்திசைக் குழுக்கள் 'ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாடல்' என்று எண்ணிப் பாடிவந்த சிங்கப் பாட்டு ('தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'), 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு பதிவுசெய்த 'எம்பூபே'யிலிருந்து வந்தது. அவர் 1962இல் வறுமையில் இறந்தார். குடும்பத்துக்கு உரிமைத்தொகை தொடர்பான சமரசம் கிடைத்தது 2006இல். 'நாட்டுப்புறம்', 'மரபு' என்று பாட்டுக்கு மேலே போடும்போது சில சமயம் ஓர் ஆளின் பெயரை அழித்துவிடுகிறோம். ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் போன்ற பதிவுக் களஞ்சியங்களில் பாடியவர், இடம், சூழல் பற்றிய குறிப்புகள் பல பதிவுகளோடு கிடைக்கின்றன. பாட்டை எடுப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் படிக்கும் பழக்கம் கல்லூரியிலேயே வர வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'இது உங்கள் நாட்டுப் பாட்டுதானே, நீ பாடிக் காட்டு' என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவதைப் போல வேறு கொடுமை கிடையாது. அவனுக்கு அந்தப் பாட்டே தெரியாமலிருக்கும். அவன் கேட்பது கொரிய பாப்பாக இருக்கும், கேம் இசையாக இருக்கும். ஹங்கேரியில் இசையமைப்பாளர் கொடாய், குழந்தை தன் தாய்மொழி நாட்டுப்பாடலில் தொடங்க வேண்டும் என்று சொன்னது நல்ல விதிதான். ஒரு வகுப்பில் பன்னிரண்டு தாய்மொழி இருந்தால் அந்த விதியை எப்படிப் பொருத்துவது? ஊகிக்காமல் விசாரிக்க வேண்டும். வீட்டில் யார் பாடுவார்கள், எப்போது, நீ எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு எழுதிக்கொள்ளும் பணியைக் கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரத்தில் கொடுக்கலாம். பாடக்குறிப்பு எழுதுவது அதன் பிறகு.

மரபுக் கலைஞர்களை அழைப்பது நல்ல யோசனை. நடக்கும் விதம்தான் பிரச்சினை. ஒருநாள் வருவார், வாசிப்பார், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார். ஊதியம் பேராசிரியருக்குத் தருவதில் ஒரு துளி. அவர் கற்பிக்க ஆரம்பித்தாலும், விளக்கமே சொல்லாமல் ஒரே அடியை நாற்பது தடவை பாடுவார். பத்தாவது தடவையில் பயிற்சி மாணவர் பொறுமை இழந்து, 'இதை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்' என்று கரும்பலகைக்குப் போவார். கலைஞர் மரியாதைக்குப் புன்னகை செய்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அந்த வகுப்பு அங்கேயே முடிந்தது. அவரைச் சக ஆசிரியராக ஒரு பருவம் முழுக்க அமர்த்தி, பாடத்திட்டத்தை அவரோடு உட்கார்ந்து போட்டு, மதிப்பெண்ணையும் அவரே இடட்டும் என்று விட்டால் விளைவு வேறாக இருக்கும். பட்டம் இல்லாதவர் மதிப்பெண் இடலாமா என்று நிர்வாகம் கேட்கும். கேட்கட்டும், அந்தக் கேள்வியை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுபோவதும் இந்த வேலையில் அடக்கம்.

கடைசியில் எல்லாம் மணிக்கணக்கில் வந்து முட்டுகிறது. இசை ஆசிரியர் படிப்பு ஏற்கெனவே நெருக்கமானது: வாத்தியம், குரல், கோட்பாடு, வரலாறு, சேர்ந்திசை நடத்துதல், கற்பித்தல் முறை, உளவியல், பள்ளிப் பயிற்சி. புதிதாக ஓராண்டு இன்னோர் இசை என்றால் எதையாவது எடுக்க வேண்டும். எதையும் எடுக்காமல் சேர்க்கப் பார்க்கும் கல்லூரியில் அது சனிக்கிழமை வகுப்பாகி, சீக்கிரமே செத்துப்போகும். இரண்டு ஆண்டு ஐரோப்பிய இசை வரலாற்றை ஓராண்டாக்கலாம். நான்கு குரல் இசைவுப் பயிற்சியில் பாதியைக் குறைத்து அந்த நேரத்தைக் காதால் கற்பதற்குக் கொடுக்கலாம். இதைச் சொன்னதும் துறைக் கூட்டத்தில் சண்டை வரும், ஏனென்றால் அந்த ஒவ்வொரு மணி நேரமும் ஒரு பேராசிரியரின் வேலை. பள்ளிப் பயிற்சியிலும் இதே இழுபறிதான்: வழிகாட்டும் மூத்த ஆசிரியருக்கு ஆண்டுவிழாவுக்குள் சேர்ந்திசைக் குழு தயாராக வேண்டும், பயிற்சி மாணவர் 'ஒரே துண்டை இருபது தடவை கேட்க விடுங்கள்' என்று கேட்டால் கிடைப்பது பத்து நிமிடம். மதிப்பீட்டுத் தாளில் இன்னமும் 'குறிமானத்தைப் பிழையின்றிக் கற்பித்தாரா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'குழந்தை வேறு மாதிரி பாடியபோது திருத்துவதற்கு முன் விசாரித்தாரா' என்று இன்னொரு கட்டத்தைச் சேர்க்கப் பணம் எதுவும் செலவாகாது. அதிலிருந்தேகூட ஆரம்பிக்கலாம்.